கோடு எழுதிப் பிழைப்பவர்களுக்குக் கைக்குறிப்புகள்

நம் தொழிலில் கோடு எழுத ஆகும் நேரம் கொஞ்சம்தான். தேடுவதும், காத்திருப்பதும், நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்று மண்டையைக் குடைந்துகொள்வதும்தான் பொழுதைத் தின்றுவிடுகிறது. அந்த நேரத்தையும் கொஞ்சம் காசையும் மிச்சம் பிடிக்க, டீ இடைவேளையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் உபாயங்கள் இவை. இஃப்பும் ஃபார் லூப்பும் உங்களுக்கே தெரியும். அதைத் தாண்டி உள்ளதை மட்டும் பார்ப்போம், தோழமைகளே!

1. எரர் வந்ததும் முதல் வேலை, அதை முழுசாகப் படிப்பது. சிவப்பு எழுத்தைக் கண்டதும் பதறி, கண்ணில் பட்ட வரியை காப்பி பண்ணித் தேட ஓடுகிறோம். ஜாவாவில் நீளமாக ஸ்டாக் டிரேஸ் கொட்டினால், கடைசியாக வரும் 'காஸ்டு பை' வரியில்தான் பெரும்பாலும் மூலகாரணம் இருக்கும். பைத்தானில் ஆகக் கடைசி வரியைப் பாருங்கள். அப்படியே நம் ஃபைல் பெயர் எங்கே வருகிறது என்று கண்ணால் துழாவினால் பாதி வேலை முடிந்தது.

2. பக் பிடிபடவில்லையா? பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிடும் முன், வரிக்கு வரி என்ன நடக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ரப்பர் வாத்திடம் விளக்கும் இந்த வித்தை, 1999-ல் வந்த 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்' புத்தகத்தால் பிரபலமானது. வாத்து கிடைக்காவிட்டால் கொலுவில் மிஞ்சிய செட்டியார் பொம்மையும் நன்றாகவே காது கொடுக்கும்.

3. போன மாதம் ஓடியது, இப்போது ஓடவில்லை, நடுவில் ஆயிரம் கமிட் என்றால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டாம். 'கிட் பைசெக்ட்' பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டே போகும். பத்து முறை சோதித்தால் குற்றவாளி கமிட் சிக்கிவிடும். சோதிக்க ஒரு ஸ்கிரிப்ட் கையில் இருந்தால் 'பைசெக்ட் ரன்' என்று ஓடவிட்டுவிட்டு நீங்கள் சாப்பிடப் போகலாம்.

4. ஹார்ட் ரீசெட் கொடுத்துவிட்டு, வேலையெல்லாம் போச்சே என்று உட்கார வேண்டாம். ஏற்கெனவே கமிட் செய்திருந்தால் 'கிட் ரெஃப்லாக்'கில் தடம் இருக்கும். எந்த பிராஞ்சிலும் ஒட்டாத கமிட்டைக்கூட வழக்கமான அமைப்பில் 30 நாள் காப்பாற்றி வைத்திருக்கும். கமிட்டே பண்ணாததை மட்டும் அதனால் மீட்க முடியாது. ஆகவே சீட்டை விட்டு எழும்போதெல்லாம் ஒரு கமிட்!

5. 'ஃபிக்ஸ்', 'ஃபைனல் ஃபிக்ஸ்', 'ஃபைனல் ஃபிக்ஸ் 2' என்றெல்லாம் கமிட்டுக்குப் பெயர் வைத்தால் ஆறு மாதம் கழித்து நமக்கே புரியாது. என்ன மாற்றினோம் என்பதை கோடே காட்டிவிடும். ஏன் மாற்றினோம் என்பதை ஒரு வரி எழுதுங்கள். டிக்கெட் எண்ணையும் சேர்த்துவிட்டால் தேடுகிற வேலை மிச்சம்.

6. லைவ் டேட்டாபேஸில் 'அப்டேட்', 'டெலிட்' ஓட்டும் முன், அதே 'வேர்' நிபந்தனையோடு ஒரு 'செலக்ட்' ஓட்டி எத்தனை வரி வருகிறது என்று பாருங்கள். 3 வரி எதிர்பார்த்த இடத்தில் 3 லட்சம் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 'பிகின்' போட்டுத் தொடங்கினால் 'ரோல்பேக்' அடித்துத் திரும்பவும் வழி இருக்கும். ஆனால் மைஎஸ்கியூஎல்லில் 'ஆல்டர்', 'டிராப்' கட்டளைகளுக்கு இந்தச் சலுகை கிடையாது, ஜாக்கிரதை.

7. லைவ் சர்வருக்கான டெர்மினலுக்குச் சிவப்புப் பின்னணி, டெஸ்ட் சர்வருக்குப் பச்சை என்று நிறம் பிரித்து வையுங்கள். காசு செலவில்லாத காப்பீடு இது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில், களைத்துப்போன ஒரு பொறியாளர் துணை சர்வர் என்று எண்ணிப் பிரதான டேட்டாபேஸின் ஃபோல்டரையே அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி போயிருந்தது.

8. பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறையாவது அதிலிருந்து மீட்டுப் பாருங்கள். மேலே சொன்ன கிட்லேப் விவகாரத்தில் பேக்கப்புக்குப் பல ஏற்பாடுகள் இருந்தும், கடைசியில் கைகொடுத்தது வேறு காரணத்துக்காக ஒருவர் 6 மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த நகல்தான். நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் அவர்களே எழுதி வெளியிட்டார்கள் என்பதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும்.

9. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் வேண்டாம். செவ்வாய், புதன் காலையில் வைத்துக்கொண்டால், ஏதாவது உடைந்தாலும் சரிசெய்ய எல்லோரும் ஆபீஸில் இருப்பார்கள். அதோடு, முதலில் சில மெஷின்களுக்கு மட்டும் அனுப்பி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அனுப்புங்கள். 2024 ஜூலை 19-ம் தேதி, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமைதான், கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

10. பயன்படாத பழைய கோடை 'எதற்கும் இருக்கட்டும்' என்று விட்டுவைக்காதீர்கள். கிட்டில்தான் பத்திரமாக இருக்கிறதே, தைரியமாக அழியுங்கள். நியூயார்க் பங்குச்சந்தையில் வியாபாரம் செய்த நைட் கேப்பிட்டல் நிறுவனம், 2012 ஆகஸ்ட் 1 அன்று 8 சர்வரில் ஒன்றுக்கு மட்டும் புது கோடு போடாமல் விட்டது. அதில் கிடந்த பழைய கோடு உயிர்பெற்று, முக்கால் மணி நேரத்தில் சுமார் 44 கோடி டாலரைக் கரைத்துவிட்டது.

11. பணத்தை தசம எண்ணாக வைக்காமல் பைசாவாக, முழு எண்ணில் வையுங்கள். 0.1-யும் 0.2-யும் கூட்டினால் கணினி 0.30000000000000004 என்று சொல்லும். ஒரு பில்லில் தெரியாது. வருடக் கடைசியில் ஜிஎஸ்டி கணக்கு டேலி ஆகாதபோது தெரியும்.

12. வேரியபிளுக்குப் பெயர் வைக்கும்போது அலகையும் சேர்த்துவிடுங்கள். வெறுமனே 'டைம்அவுட்' என்றால் 30 என்பது நொடியா, மில்லி நொடியா? 1999-ல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர், ஒரு குழு பவுண்டு கணக்கிலும் இன்னொரு குழு நியூட்டன் கணக்கிலும் இருந்ததால் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனது.

13. தேதி, நேரத்தை யூடிசியில் சேமித்து, திரையில் காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள். வித்தியாசத்தை முழு மணியாகக் கணக்குப் போடவே கூடாது. நமக்கு ஐந்தரை மணி நேரம், நேபாளத்துக்கு ஐந்தே முக்கால். இது தெரியாதவர்கள் எழுதிய காலண்டரில் நம் மீட்டிங் எப்போதும் அரை மணி தள்ளித்தான் நிற்கும்.

14. அமெரிக்க கிளையன்ட்டோடு தினமும் மீட்டிங்கா? காலண்டரில் அழைப்பை அவர்கள் ஊர் நேரத்திலேயே போட்டுவையுங்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் இழுப்பார்கள்; நியூயார்க் காலை 9 மணி என்பது நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. ஐரோப்பாக்காரர்கள் மாற்றுவதோ மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. இருவரும் ஒரே மீட்டிங்கில் இருந்தால், அந்த இடைப்பட்ட வாரங்களில் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து காத்துக்கிடப்பார்.

15. 04/05/2024 என்றால் நமக்கு மே 4, அமெரிக்கருக்கு ஏப்ரல் 5. ஃபைல் பெயரிலும் ரிப்போர்ட்டிலும் 2024-05-04 என்று வருடத்தை முதலில் போட்டுப் பழகுங்கள். குழப்பமும் போகும், பெயர்வாரியாக அடுக்கினாலே தேதிவாரியாக வந்து நிற்கும்.

16. 32 பிட்டில் நொடிகளை எண்ணும் பழைய புரோகிராம்களுக்கு 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியோடு எண்ணிக்கை முடிகிறது. இன்னும் காலம் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். 20 வருட வீட்டுக் கடனுக்குத் தவணை அட்டவணை போடுகிறவர்களுக்கு அந்த நாள் எப்போதோ வந்துவிட்டது.

17. இனி நம் மொழிக்கான குறிப்புகள். இவற்றை வெளிநாட்டுப் பாடங்களில் அவ்வளவாகச் சொல்வதில்லை. 'தமிழ்' என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று பைத்தானைக் கேட்டால் 5 என்று சொல்லும்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8-ல் அதுவே 15 பைட். டேட்டாபேஸில் பெயருக்கு 50 பைட் இடம் விட்டுவிட்டு நிம்மதியாக இருந்தால், 'வெங்கடசுப்பிரமணியன்' 57 பைட்டோடு வந்து கதவைத் தட்டுவார். பைட்டில் அல்லாமல் எழுத்தில் அளவு குறிக்க வழி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையா, தாராளமாக இடம் விடுங்கள்.

18. அதே காரணத்தால், தமிழ்ச் சொல்லைத் திருப்பிப் போடும்போதோ, நீளத்தைச் சுருக்கி மூன்று புள்ளி வைக்கும்போதோ, சாதாரண ஃபங்ஷனை நம்பாதீர்கள். கொக்கி தனியாக, புள்ளி தனியாகப் பிய்ந்து, வட்டம் வட்டமாகத் தெரியும். ஜாவாஸ்கிரிப்டில் 'இன்டெல் செக்மென்டர்' என்று ஒன்று இருக்கிறது; கொக்கியையும் புள்ளியையும் பிய்க்காமல் எழுத்தோடு சேர்த்தே வெட்டித் தரும்.

19. தேடலில் 'கொடி' கிடைக்கவில்லை, கண்ணெதிரே இருக்கிறது என்கிறார்களா? 'கொ'வில் 'க'வோடு சேரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம்; ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு வேறு. உள்ளே வரும் எழுத்தை எல்லாம் என்எஃப்சி முறையில் ஒருமுறை சீராக்கிவிட்டுச் சேமித்தால் தீர்ந்தது. ஆனால் 'ஔவை'யை ஒ, ள என்று தட்டி 'ஒளவை' ஆக்குகிறவர்களுக்கு என்எஃப்சியாலும் மருந்து கிடையாது; தேடலில் அந்த இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கத் தனியாக நாம்தான் எழுத வேண்டும்.

20. வாடிக்கையாளருக்குத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பும் முன் நீளத்தை எண்ணுங்கள். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழ் கலந்தால் 70 இடம்தான், 'வணக்கம்' மட்டுமே அதில் 7 பிடித்துக்கொள்ளும். 70 தாண்டினால் துண்டுக்கு 67 என்று பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் காசு வாங்குவார்கள். 'அன்பார்ந்த வாடிக்கையாளரே' என்பதை எடுத்துவிட்டாலே பல சமயம் ஒரு துண்டு மிச்சமாகும்.

21. தமிழ் உள்ள சிஎஸ்வி ஃபைலை எக்செல்லில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரிகிறதா? ஃபைலை எழுதும்போது யூடிஎஃப்-8 பிஓஎம்மோடு எழுதுங்கள், சரியாகிவிடும்.

22. போன் நம்பர், அக்கவுண்ட் நம்பர், ரோல் நம்பர் எல்லாம் எண்ணாக இருந்தாலும் எழுத்தாகத்தான் சேமிக்க வேண்டும். அவற்றைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை! எக்செல்லிடம் எண்ணாகக் கொடுத்தால் முன்னால் உள்ள சைபரை முழுங்கிவிடும், 15 இலக்கத்துக்கு மேல் போனால் மிச்சத்தைச் சைபராக்கிவிடும். சில மனித மரபணுக்களின் பெயரை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-ல் விஞ்ஞானிகள் 'மார்ச்1', 'செப்ட்1' என்ற மரபணுப் பெயர்களையே மாற்ற வேண்டி வந்தது என்றால் பாருங்கள்.

23. ஃபார்மில் 'குடும்பப் பெயர் கட்டாயம்' என்று போடாதீர்கள். நம்மவர்களுக்கு இருப்பது இனிஷியல். கட்டாயப்படுத்தினால் புள்ளி வைப்பார்கள், இல்லை தன் பெயரையே இரண்டு முறை எழுதுவார்கள். முழுப்பெயருக்கு ஒரே கட்டம் போதும்.

24. டெஸ்ட் செய்ய உண்மையான வாடிக்கையாளரின் தகவலை எடுக்கவே எடுக்காதீர்கள். மெயில் முகவரி வேண்டுமென்றால் 'எக்ஸாம்பிள் டாட் காம்' இருக்கிறது. இதற்கென்றே ஒதுக்கி வைத்த பெயர், யாருக்கும் போய்ச் சேராது. ஆதாரின் 12-வது இலக்கம் மற்ற 11-ஐச் சரிபார்க்கும் இலக்கம், வெர்ஹோஃப் முறையில் கணக்கிடுவது. எனவே மனதில் தோன்றிய எண்ணை அடித்தால் பெரும்பாலும் ஃபார்ம் ஏற்காது. சோதனை எண் உருவாக்கச் சின்ன ஃபங்ஷன் ஒன்று எழுதி டீமுக்கே கொடுத்துவிடுங்கள்.

25. பாஸ்வேர்டு, ஏபிஐ சாவி எதையும் கோடுக்குள் எழுதாதீர்கள். தவறி புஷ் ஆகிவிட்டால் அடுத்த கமிட்டில் அழித்துப் பயனில்லை, பழைய கமிட்டில் அப்படியே இருக்கும். முதல் வேலையாக அந்தச் சாவியையே ரத்து செய்து புதிது வாங்குங்கள். பொதுவில் உள்ள கோடில் சாவி தேடுவதற்கென்றே இரவு பகலாக ஓடும் புரோகிராம்கள் இருக்கின்றன.

26. கிளவுடில் டெஸ்ட் மெஷின் வாங்கினால் அன்றைக்கே இரண்டு வேலை செய்யுங்கள்: பட்ஜெட் எச்சரிக்கை வையுங்கள், ராத்திரி தானாக நிறுத்த நேரம் குறியுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். நாம் வேலை செய்வது நாளைக்கு 10 மணி வீதம் 5 நாள் என்றால் 50 மணிதான். மீதி 118 மணி நேரம் ஆளில்லாத வீட்டில் மின்விசிறி சுற்றும் கதை. மெஷினை நிறுத்தினாலும் டிஸ்க்குக்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கும், எனவே தேவை முடிந்ததும் அதையும் அழித்துவிடுங்கள்.

27. நாலு வரியில் நாமே எழுதக்கூடியதற்கு ஒரு லைப்ரரி இறக்க வேண்டாம். 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற வெறும் 11 வரி பேக்கேஜை எழுதியவர் கோபத்தில் நீக்கிவிட, அதை நம்பியிருந்த எத்தனையோ பெரிய புராஜெக்ட்கள் பில்ட் ஆகாமல் நின்றன. இறக்கத்தான் வேண்டும் என்றால் வெர்ஷனைப் பூட்டும் லாக் ஃபைலையும் சேர்த்து கமிட் செய்யுங்கள்.

28. ஏஐ உதவியாளரிடம் கோடு வாங்கும்போது, அது சொல்லும் லைப்ரரி உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுவுங்கள். இல்லாத பெயரைக் கூசாமல் சொல்லும். அந்தப் பெயரில் விஷமத்தனமான பேக்கேஜைப் போட்டு வைத்துக் காத்திருப்பவர்களும் உண்டு. டெஸ்ட் எழுதவும், பழைய கோடைப் படித்து விளக்கவும் அதைப் பயன்படுத்தினால் நிறைய நேரம் மிச்சம். கிளையன்ட்டின் தகவலை மட்டும் அதில் ஒட்டாதீர்கள்.

29. பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்றதும் பெரிய சர்வர் வாங்கக் கிளம்ப வேண்டாம். முதலில் குவெரிக்கு முன்னால் 'எக்ஸ்ப்ளெயின்' போட்டுப் பாருங்கள். டேபிள் முழுக்க அலசுகிறது என்றால் ஒரு இண்டெக்ஸ் பெரும்பாலும் தீர்த்துவைக்கும். லூப்புக்குள் டேட்டாபேஸைக் கூப்பிடுகிறோமா என்றும் பாருங்கள். 100 ஆர்டரைக் காட்ட 101 குவெரி போவது நாம் நினைப்பதைவிட சகஜம்.

30. ரெகுலர் எக்ஸ்பிரஷனை மிக நீளமான வரி ஒன்றிலும் சோதியுங்கள். 2016 ஜூலையில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடம் படுத்ததற்குக் காரணம், யாரோ ஒருவர் பதிவில் விட்டிருந்த சுமார் 20,000 வெற்றிடங்களும் அவற்றை வெட்ட முயன்ற ஒரு எக்ஸ்பிரஷனும்தான்.

31. டெர்மினலில் பழைய கட்டளையைத் தேட மேல் அம்பை ஐம்பது முறை தட்ட வேண்டாம். கன்ட்ரோல் + ஆர் அடித்து, நினைவில் உள்ள நாலு எழுத்தைத் தட்டினால் வந்து நிற்கும்.

32. விண்டோஸ் சாவி + வி அடித்துப் பாருங்கள். கடைசியாக காப்பி செய்தவை பட்டியலாக வரும். முதல் முறை ஆன் செய்யச் சொல்லிக் கேட்கும், செய்துவிடுங்கள்.

33. பிரவுசர் டேபைத் தவறி மூடிவிட்டால் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி (T). விஎஸ் கோடில் ஒரே சொல் பல இடங்களில் இருந்தால் கன்ட்ரோல் + டி (D)-யைத் தட்டத் தட்ட ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றலாம். வாரத்துக்கு ஒரு ஷார்ட்கட் என்று மானிட்டரில் சீட்டு ஒட்டிப் பழகினால் கையே கற்றுக்கொள்ளும்.

34. ஆபீஸ் வைஃபையில் வேகமாகத் திறக்கும் பக்கம், பஸ்ஸில் போகிறவர் போனில் திறக்குமா? எஃப்12 தட்டி, நெட்வொர்க் பகுதியில் வேகத்தைக் குறைத்து ஒரு தடவை பாருங்கள். வீட்டில் பழைய ஆண்ட்ராய்டு போன் கிடந்தால் எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள், அதைவிட நல்ல டெஸ்ட் மெஷின் விலைக்குக் கிடைக்காது.

35. 'ஹாய்' என்று மட்டும் மெசேஜ் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது, எதையெல்லாம் முயன்றேன் என்று ஒரே மெசேஜில் எழுதுங்கள். எரரை ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பாமல் எழுத்தாக ஒட்டினால், உதவுகிறவர் காப்பி பண்ணித் தேடலாம்.

36. 'இது எவ்வளவு நாள் ஆகும்?' என்று நடைபாதையில் கேட்டால் 'பார்த்துவிட்டு மதியம் சொல்கிறேன்' என்பதே சரியான பதில். கோடு எழுதும் நேரத்தோடு டெஸ்ட், ரிவ்யூ, ரிலீஸ், யாராவது லீவு போடுவது எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஒரே எண்ணாகச் சொல்லாமல் 'மூன்றிலிருந்து ஐந்து நாள்' என்று சொல்லிவிட்டு நான்காம் நாள் முடித்துக் கொடுத்தால் எல்லோருக்கும் சந்தோஷம். (மேனேஜர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போகவும்.)

37. ரிவ்யூவுக்கு அனுப்பும் மாற்றம் சின்னதாக இருக்கட்டும். 50 வரி அனுப்பினால் பத்து குறை சொல்வார்கள், 2,000 வரி அனுப்பினால் 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிடுவார்கள். குறை சொல்வதுதான் நமக்கு லாபம்.

38. மற்றவர் கோடை ரிவ்யூ செய்யும்போது 'ஏன் இப்படி எழுதினீர்கள்?' என்று கேட்டால் மனசு சுருங்கும். 'இந்த லிஸ்ட் காலியாக வந்தால் என்ன ஆகும்?' என்று கோடைப் பற்றிக் கேளுங்கள். பதில் தேடிக்கொண்டு போகும்போது அவர்களே கண்டுபிடித்துத் திருத்திவிடுவார்கள், நமக்கும் பொல்லாப்பு இல்லை.

39. சாயங்காலம் கிளம்பும் முன் 'நாளை முதலில் செய்ய வேண்டியது' என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அல்லது ஒரு டெஸ்ட்டை ஃபெயில் ஆகும் நிலையிலேயே விட்டுப் போங்கள். காலையில் எங்கே விட்டோம் என்று தேடும் நேரம் மிச்சமாகும்.

40. சர்வர் படுத்தால் என்ன செய்வது என்பதை, ராத்திரி 2 மணிக்கு அரைத்தூக்கத்தில் படிப்பவருக்காக எழுதி வையுங்கள். 'சர்வீஸைச் சரிபார்க்கவும்' என்று எழுதினால் போதாது; எந்தக் கட்டளை, எந்த மெஷினில், என்ன வந்தால் நல்லது, யாரைக் கூப்பிடுவது என்று இருக்க வேண்டும். டீமுக்குப் புதிதாக வந்தவரிடம் கொடுத்து ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடம்தான் நாம் எழுத மறந்த இடம்.

41. லாகில் 'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்று எழுதுவதற்கு எழுதாமலே விடலாம். எந்த ஆர்டர், எந்த யூசர் ஐடி, எந்தப் படி என்று எழுதுங்கள். பாஸ்வேர்டும் ஓடிபியும் மட்டும் லாகில் விழவே கூடாது.

42. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு: மாதாந்திர பராமரிப்பு மின்தடை அறிவிப்பு முந்தின நாளே பேப்பரில் வந்துவிடும். அன்றைக்கு டெமோ வைத்துக்கொள்ளாமல் தள்ளிப் போடுங்கள். வைஃபை ரௌட்டருக்கு மட்டும் கையடக்கமாக ஒரு யூபிஎஸ் கிடைக்கிறது. ரௌட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று பார்த்து அதற்குப் பொருத்தமாக வாங்கினால், லேப்டாப் சார்ஜ் இருக்கும்வரை கவலையில்லை.

43. லேப்டாப்பை நாள் முழுக்க பிளக்கிலேயே வைத்திருப்பவர்கள், சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி அமைப்பை மாற்றுங்கள். இப்போது வரும் பல லேப்டாப்களில் இந்த வசதி இருக்கிறது. பேட்டரி சீக்கிரம் சோர்ந்துபோகாது, புதுசு வாங்கும் செலவும் தள்ளிப் போகும்.

44. பழைய லேப்டாப் மெதுவாக இருக்கிறதென்று உடனே புதிது வாங்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, ரேமையும் கூட்டினால் இன்னும் சில வருடம் ஓடும். வாங்கும் முன் ரேம் கழற்றக்கூடியதா, போர்டோடு ஒட்டியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

45. கண்ணுக்கு 20-20-20: இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தள்ளி உள்ளதை, இருபது நொடி பாருங்கள். தண்ணீர் பாட்டிலைச் சின்னதாக வைத்துக்கொண்டால் நிரப்புவதற்காகவாவது எழுந்து நடப்போம்.

46. வேலை மாறுகிறீர்களா? சம்பளச் சீட்டு, பழைய வருடங்களின் ஃபார்ம் 16, அப்பாயின்ட்மென்ட் லெட்டர் எல்லாவற்றையும் கடைசி நாளுக்கு முன்பே சொந்த மெயிலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பிஎஃப் கணக்கில் சொந்த போன் நம்பர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆபீஸ் மெயில் பூட்டிய பிறகு இவற்றுக்காக எச்ஆருக்கு அலைவது பெரும்பாடு. கம்பெனி கோடை மட்டும் ஒரு வரிகூட எடுத்துப் போகாதீர்கள்.

47. கீபோர்டில் முறுக்குத் துகள் போய்விட்டால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். லேப்டாப்பை ஆஃப் செய்து சாய்த்துப் பிடித்து, பின்பக்கம் மெதுவாகத் தட்டி, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் சாவிகளின் இடுக்கைத் துடையுங்கள். பிசுபிசுப்பு இருந்தால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் லேசாக நனைத்து ஒற்றினால் போதும். சாவி மேல் நேராக ஊற்ற வேண்டாம்.